பைப்பின் வயது பார்க்க ஒரு லூப்: மூன்று வருடத்துக்குப் பிறகு

நான் முதலில் வாங்கிய லூப்பின், அதாவது கண்ணோடு வைத்துப் பார்க்கும் சின்ன உருப்பெருக்கியின், பக்கவாட்டில் ‘30 மடங்கு’ என்று பொறித்திருந்தது. அது பொய் என்று எனக்கு உறைக்க எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்துக்குள் டன்ஹில் என்ற லண்டன் நிறுவனத்தின் புகையிலைப் பைப் ஒன்றை 1922-ஆம் வருடத்துச் சரக்கு என்று நம்பிக் கைக்காசைக் கொட்டியிருந்தேன். இரண்டாவதாக வாங்கியது வெறும் 10 மடங்கு லூப், மூன்று வில்லைகளை ஒட்டிச் செய்தது. மூன்று வருடமாக என் மேஜையில் இருப்பது அதுதான், இந்த விமர்சனமும் அதைப் பற்றித்தான். முதலாவதையும் விட்டுவிட முடியாது, ஏனென்றால் பழைய பைப் சேர்க்கத் தொடங்கும்போது கை தானாக அதன் பக்கம்தான் போகும். தயாரிப்பாளர் பெயர் எதையும் சொல்லப்போவதில்லை. இரண்டு வகையும் பல பெயர்களில் வருகின்றன.

என்னைப் பற்றி இரண்டு வரி. இருபத்தாறு வருடம் மெய்ப்புத் திருத்தி வயிறு வளர்த்தவன். புகைப் பழக்கம் கிடையாது, ஒரு பைப்பைக்கூட இதுவரை பற்றவைத்ததில்லை. மாமனார் காலமான பிறகு அவருடைய அலமாரியில் நான்கு பைப்புகள் கிடைத்தன. வேறு யாரும் கேட்கவில்லை. எனக்கு அவற்றின் அடியில் இருந்த எழுத்துகள் வேண்டியிருந்தன. “அப்பா வாயில் வைத்திருந்ததை நீங்கள் கண்ணில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்” என்பாள் மனைவி. சரியாகத்தான் சொல்கிறாள்.

பழைய பைப்பின் வயதைச் சொல்வது பெரும்பாலும் அதன் தண்டில் அழுத்திய முத்திரைதான். தண்டு என்று நான் சொல்வது கிண்ணத்தோடு ஒரே மரமாக இருக்கும் பகுதியை. அதற்குப் பிறகு வருவது வாய்க்குழாய், பழைய பைப்புகளில் கந்தகம் சேர்த்து இறுக்கிய கடின ரப்பரில் செய்தது. செய்தவர் பெயர், மெருகின் பெயர், வடிவ எண், நாட்டின் பெயர் எல்லாம் தண்டின் பக்கங்களிலோ அடியிலோ இருக்கும். ஓர் எழுத்தின் உயரம் ஒன்று, மிஞ்சினால் இரண்டு மில்லிமீட்டர். பல வருடம் ஒரு மனிதர் அதே இடத்தில் விரலை வைத்துப் பிடித்திருப்பார். வியர்வை, எண்ணெய், மெழுகு, துடைக்கும் துணி எல்லாம் சேர்ந்து எழுத்தைத் தின்றிருக்கும். வெறுங்கண்ணுக்கு அது ஒரு கறை மாதிரிதான் தெரியும்.

சரி, அந்த 30 மடங்கு பொய்க்கு வருகிறேன். லூப்பின் கணக்கு எளிது. 250-ஐ வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்தால் எத்தனை மடங்கு என்று வரும், தூரத்தை மில்லிமீட்டரில் எடுத்துக்கொள்ள வேண்டும். 10 மடங்குக்குக் குவியத் தூரம் 25. 30 மடங்குக்கு எட்டுச் சொச்சம். அதாவது உண்மையான 30 மடங்கு லூப்பில் பைப் ஏறக்குறைய வில்லையை முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். என்னுடையதில் மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால்தான் எழுத்து தெளிந்தது. ஒரு நாள் ஜன்னலுக்கு எதிரே வெள்ளைத் தாளைப் பிடித்து, வெளியே இருக்கும் மரத்தின் தலைகீழ்ப் பிம்பம் தாளில் கூர்மையாக விழும் தூரத்தை ஸ்கேலால் அளந்தேன். 31 மில்லிமீட்டர். வகுத்துப் பார்த்தால் எட்டு மடங்கு! வில்லையின் அகலம் 21 மில்லிமீட்டர். அந்த அகலத்தில் 30 மடங்கு வில்லை கிடையாது. உண்மையான 30 மடங்கு லூப்பின் வில்லை அதைவிட மிகச் சிறியதாகத்தான் இருக்க முடியும். வாங்கும் முன் இந்த ஓர் அளவைப் பார்த்தாலே போதும்.

எட்டு மடங்கு என்றே பொறித்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்காது. எட்டு நல்ல எண்தான். ஆனால் அது ஒற்றை வில்லை. நடுவில் ஓர் எழுத்து மட்டும் கூர்மை, ஓரத்துக்குப் போகப் போக எழுத்து வளைந்து, ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமாக விளிம்பு கட்டும். அச்சில் வண்ணத் தகடுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நகர்ந்தால் வருமே, அந்த மாதிரி. முத்திரையில் இந்த நிற விளிம்பு விழுந்தால் எழுத்தை இரண்டு முறை அடித்ததுபோல் தோன்றும். இரண்டு முறை அடித்த முத்திரைகளும் உண்மையில் உண்டு என்பதால் எது எது என்று தெரியாமல் திண்டாடுவோம். மூன்று வில்லை லூப் செய்வதெல்லாம் இந்தக் கோளாறை நீக்குவதுதான். அதில் ஒரு வரி முழுவதும் ஓரம்வரை நேராக நிற்கிறது. ஒரே பார்வையில் ஐந்தாறு எழுத்துகளை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது டன்ஹில் கதையில் தெரியும்.

அதற்கு முன் வெளிச்சம். முதல் லூப்பில் வில்லையைச் சுற்றி எல்இடி விளக்குகள் இருந்தன. வாங்கும்போது அதுதான் பெரிய கவர்ச்சி. முத்திரை படிக்க அதைவிட மோசமான விளக்கு கிடையாது. எல்லாப் பக்கமிருந்தும் நேராக ஒளி விழுந்தால் பள்ளத்தில் நிழல் விழாது, நிழல் இல்லாவிட்டால் ஆழமில்லாத எழுத்து மரத்தின் ரேகையோடு கலந்து மறைந்துவிடும். இரண்டாவது லூப்பில் விளக்கே இல்லை. அதனால் வேறு வழியின்றிச் சாதாரண மேஜை விளக்கைத் தாழ இறக்கி, தண்டின் மேல் ஒளி சாய்வாக வழுக்கிப் போகும்படி வைத்துப் பார்த்தேன். அன்று ராத்திரி நான்கு பைப்பையும் திரும்பவும் எடுத்துப் பார்த்தேன். எட்டு மாதமாக ‘ஒன்றுமில்லை’ என்று நான் முடிவு கட்டிவைத்திருந்த இடங்களிலிருந்து எழுத்துகள் எழுந்து வந்தன. ஒரு யோசனை: விளக்கை அசைக்காதீர்கள், பைப்பை மெல்ல உருட்டுங்கள். ஓர் எழுத்தின் நெடுங்கோடுகள் ஒரு கோணத்தில் தெரியும், கிடைக்கோடுகள் இன்னொரு கோணத்தில். இரண்டையும் மனதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். லூப்பைக் கண்ணோடு ஒட்டிவைத்து, பைப்பைத்தான் அதன் அருகே கொண்டுவர வேண்டும். இதையும் நான் தலைகீழாகத்தான் செய்துகொண்டிருந்தேன்.

இப்போது டன்ஹில். ஆல்ஃபிரெட் டன்ஹில் லண்டன் டியூக் தெருவில் கடை திறந்தது 1907-இல், சொந்தமாகப் பைப் செய்யத் தொடங்கியது 1910-இல். சேர்ப்பவர்களுக்கு இந்தப் பெயரின் மேல் மயக்கம் வரக் காரணம், 1921 முதல் ‘மேட் இன் இங்கிலாந்து’ என்ற வரியின் கடைசியில் வருடத்தைக் குறிக்கும் ஒரு சின்ன எண்ணைச் சேர்த்து அடித்தார்கள். 1921-க்கு 1, 1922-க்கு 2. கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா? சிக்கல் என்னவென்றால் எண்கள் நடுவில் மறுபடி தொடங்கின. 1960-களிலிருந்து மட்டும் ஒழுங்காக ஏறிக்கொண்டே போகும்: 14 என்றால் 1974, 25 என்றால் 1985, அதாவது 1960-ஓடு கூட்டிக்கொள்ள வேண்டும். ஒற்றை 2 மட்டும் நின்றால் 1922, 1942, 1952, 1962 எல்லாம் போட்டிக்கு வரும்.

நான் வாங்கியது ஷெல் வகை, மரத்தின் மேல் மணலை வேகமாக வீசி மென்மையான பகுதிகளை அரித்தெடுத்துக் கரடுமுரடாக்கிய மெருகு. அடியில் முத்திரைக்காக மட்டும் வழவழப்பான ஒரு பட்டை விட்டிருப்பார்கள். விற்றவர் 1922 என்றார். என் 30 மடங்கு லூப்பில் 2 நன்றாகவே தெரிந்தது. அதன் அருகில் ஒரு கீறலும் ஒரு புள்ளிக் குழப்பமும் தெரிந்தன, தேய்மானம் என்று விட்டுவிட்டேன். வேண்டும் என்று நினைத்ததைப் படித்துவிட்டேன் என்பதுதான் நேர்மையான பதில். மெய்ப்புத் திருத்துகிறவன் செய்யக் கூடாத முதல் தவறு அது.

பத்து மடங்கில், சாய்ந்த வெளிச்சத்தில், அந்தக் கீறல் ஒரு வட்டமானது. வட்டத்துக்குள் 4. பக்கத்தில் எஸ் என்ற எழுத்து. இந்த வட்ட எண் பைப்பின் பருமனைச் சொல்வது, எஸ் ஷெல்லுக்கு. இந்த வழக்கமே 1950-ஐ ஒட்டித்தான் வந்தது. ஆக 1922-உம் 1942-உம் அந்த நிமிடமே செத்தன. மிச்சம் இருப்பது 1952-உம் 1962-உம். இங்கே இரண்டு தடயங்கள். ஒன்று, 1950-களின் முற்பாதிவரை 417574/34 என்ற காப்புரிமை எண்ணை அடித்துவந்தார்கள். என் பைப்பில் அதற்கான இடம் வெறுமையாக, மழுங்காமல் இருந்தது. இரண்டு, வருட எண்ணின் அளவு. 1950-களில் அது இங்கிலாந்து என்ற சொல்லின் கடைசி எழுத்தான டி-யைவிடச் சின்னதாக, சற்று மேலே தூக்கி நிற்கும். 1960-களில் டி-யின் அளவுக்கே வந்துவிடும். ஒரே பார்வையில் டி-யும் 2-உம் கோணாமல் தெரிந்தால்தான் இந்த ஒப்பீட்டைச் செய்ய முடியும். என்னுடையதில் இரண்டும் ஒரே உயரம். 1962. நாற்பது வருடம் ஒரே ராத்திரியில் போயிற்று.

விற்றவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன், அவரும் 2-ஐ மட்டும் பார்த்திருக்கலாம். பைப் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. 1962-ஆக அது மிக நல்ல பைப்.

போகிற போக்கில் ஒன்று. அந்த 417574/34 என்ற எண்ணின் கடைசி 34-ஐப் பார்த்து ‘1934-இல் செய்தது’ என்று எழுதி விற்கிற டன்ஹில்களைப் பார்த்திருக்கிறேன். அது காப்புரிமை வாங்கிய வருடம். அதே மாதிரி ஷெல் மெருகின் காப்புரிமை 119708/17, அந்த எண்ணோடு இருப்பதெல்லாம் 1917-இல் பிறந்தவை அல்ல. காப்புரிமை எண் ‘இதற்கு முன்னால் இல்லை’ என்று மட்டும்தான் சொல்லும். நாட்டின் பெயரும் அப்படியே. அமெரிக்காவின் 1890-ஆம் வருட மெக்கின்லி வரிச் சட்டம் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. அதனால் ‘பிரான்ஸ்’, ‘இங்கிலாந்து’ என்று பார்த்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது என்று எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

மாமனாரின் நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது பீட்டர்சன். டப்ளினில் கப் சகோதரர்களோடு சார்ல்ஸ் பீட்டர்சன் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். ஈரத்தைத் தண்டுக்குள்ளேயே தேக்கிக்கொள்ளும் சிஸ்டம் பைப்புக்கு 1890-இல் காப்புரிமை வாங்கினார். இந்தப் பைப்பின் தண்டு நுனியில் பளபளவென்று ஒரு பூண், பூணில் மூன்று சின்ன முத்திரைகள். வெள்ளி என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். முதல் லூப்பில் மூன்று குமிழ்கள்தான் தெரிந்தன. வெள்ளி ஹால்மார்க்கும் அப்படித்தானே இருக்கும் என்று நானும் திருப்தியாக இருந்தேன். இரண்டாவது லூப்பில் மூன்றும் பிரிந்தன: ஒரு மூவிலைச் செடி, ஒரு நாய், ஒரு கோபுரம். டப்ளின் ஹால்மார்க்கில் இருக்க வேண்டியவை உட்கார்ந்திருக்கும் ஹைபர்னியா என்ற பெண்ணும் முடிசூடிய யாழும் வருட எழுத்தும். செடி, நாய், கோபுரம் மூன்றும் பீட்டர்சன் தன் நிக்கல் பூண்களில் அழகுக்குப் போட்டவை. வெள்ளியும் இல்லை, வயதும் சொல்லாது. மனைவியிடம் சொன்னேன். “அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். அவர் வெள்ளி என்று ஒருநாளும் சொன்னதில்லையே, நாம்தானே சொன்னோம்” என்றாள்.

வயதை அந்தப் பைப்பின் நாட்டுப் பெயர் சொன்னது. அயர்லாந்தின் அரசியல் வரலாறு பீட்டர்சன் பைப்புகளின் விலாவில் அப்படியே கிடக்கிறது. ‘ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட்’ என்றால் 1922-க்கும் 1937-க்கும் இடையில் இருந்த அரசு. 1937 அரசியலமைப்புக்குப் பிறகு ‘ஏர’ என்ற ஐரிஷ் பெயர் கொஞ்ச காலம். 1949-இல் குடியரசான பின் ‘ரிபப்ளிக் ஆஃப் அயர்லாந்து’. மாமனாருடையதில் மூன்று வரியாக இந்தக் கடைசிப் பெயர். முத்திரை அச்சை உடனே மாற்றிவிடுவார்கள் என்று சொல்ல முடியாது, பழைய அச்சு மழுங்கும்வரை ஓடியிருக்கலாம். ஆனாலும் குடியரசு பிறக்கும் முன் குடியரசு என்று யாரும் அச்சு வெட்டியிருக்க மாட்டார்கள். 1949-க்குப் பிறகு, அது நிச்சயம்.

உண்மையான வெள்ளிப் பூண் கைக்கு வந்தது ஒரு வருடம் கழித்துத்தான். செய்தவர் பெயர் இல்லாத பிரையர் (ஒரு புதர்ச்செடியின் வேர்க்கட்டை) பைப், அம்பர் என்ற பழங்கால மரப்பிசினைப் போலத் தேன்நிறத்தில் ஒளிரும் வாய்க்குழாய். பூணில் நங்கூரம், நடக்கும் சிங்கம், சின்ன ஏ என்ற எழுத்து. இந்த லூப் தன் விலையை நியாயப்படுத்திய நாள் அது. நங்கூரம், வெள்ளியைச் சோதித்து முத்திரையிடும் பர்மிங்காம் அலுவலகத்தின் அடையாளம். லண்டனென்றால் சிறுத்தைத் தலை, ஷெஃபீல்டென்றால் 1975 வரை கிரீடம், செஸ்டரென்றால் மூன்று கோதுமைக் கதிர்க்கட்டும் வாளும். சிங்கம் ஸ்டெர்லிங் வெள்ளிக்கு. எழுத்து வருடத்துக்கு. பர்மிங்காமில் 25 வருடத்துக்கு ஒரு முறை எழுத்து வரிசை திரும்பும், ஒவ்வொரு சுற்றிலும் எழுத்துருவும் கேடய வடிவமும் மாறும். 1875-இல் ஏ, 1900-இல் ஏ, 1925-இல் ஏ, 1950-இல் ஏ. இங்கே ஒரு மெய்ப்புத் திருத்துநருக்கு வாய் ஊறாமல் இருக்குமா? எனக்குக் கிடைத்தது பெரிய எழுத்து இல்லை, சின்ன எழுத்து. ஆக 1925-உம் 1950-உம் விலகின. 1875-க்கு உரியது பழைய கோத்திக் முறுக்கெழுத்து, இது சாதாரண உருவில் இருந்தது. கூடவே, 1890 வரை வரி கட்டிய அடையாளமாக அரசியின் தலையையும் அடித்தார்கள். இதில் தலை இல்லை. 1900. அங்கே எழுத்தை ஜூலையில் மாற்றுவார்கள் என்பதால் சரியாகச் சொன்னால் 1900 நடுவிலிருந்து 1901 நடுவரை.

ஆனால் பூணின் வயது மரத்தின் வயதா? உடைந்த தண்டை மூட வேறெங்கிருந்தோ எடுத்த பூணை மாட்டியிருக்கலாம். இதற்கு லூப்பைப் பூணின் விளிம்பில் ஓட்டினேன். கறுத்த மெழுகும் அழுக்கும் மரத்துக்கும் வெள்ளிக்கும் இடையே ஒரே சீராக இறுகியிருந்தன. உள்ளே விரிசல் எதுவும் இல்லை. வாய்க்குழாயைக் கழற்றினால் அது எலும்பில் செய்த திருகு முளையில் ஏறியிருந்தது. கடிக்கும் நுனியில் இருந்த துளை நீளப் பிளவாக இல்லாமல் ஊசி குத்தியதுபோல் வட்டம். இரண்டும் முதல் உலகப்போருக்கு முந்தைய காலத்துக்குப் பழக்கமானவை. வெள்ளியும் எலும்பும் துளையும் ஒரே பேச்சைப் பேசினால் நம்பலாம்.

அந்தத் தேன்நிற வாய்க்குழாய் அம்பரா, பேக்கலைட் என்ற பழைய பிளாஸ்டிக்கா என்பதை லூப் சொல்லவில்லை. உப்பு சொன்னது. ஒரு தம்ளர் தண்ணீரில் இனிமேல் கரையாது என்னும்வரை உப்பைப் போட்டுக் கலக்கி உள்ளே விட்டேன். அம்பர் மிதக்கும், பேக்கலைட் மூழ்கும். மிதந்தது. பேக்கலைட்டை லியோ பேக்லண்ட் கண்டுபிடித்ததே 1907-இல் என்பதால் மூழ்கியிருந்தால் 1900 கணக்கு ஆட்டம் கண்டிருக்கும். (உலோகமோ எலும்போ ஒட்டியிருந்தால் இந்தச் சோதனை பொய் சொல்லும், முதலில் கழற்றுங்கள். சோதித்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள்.)

வாய்க்குழாயில் பதித்திருக்கும் புள்ளிகளையும் எழுத்துகளையும் பார்க்க இந்த லூப் இன்னும் நன்றாக உதவுகிறது. டன்ஹிலின் வெள்ளைப் புள்ளி உள்ளே பதித்த ஒரு சின்னத் தண்டின் தலை, எந்தப் பக்கம் மேலே என்று தெரிவதற்காக வைத்தது. வண்ணம் தொட்டு வைத்த போலியில் விளிம்பு கசிந்திருக்கும். டன்ஹிலில் வேலை பார்த்துவிட்டு 1919-இல் தனியே போன ஜோயல் சசியேனியும் முதலில் ஒரு புள்ளிதான் வைத்தார். டன்ஹில் சும்மா விடுமா? பிறகு நான்கு நீலப் புள்ளிகளானது. மாமனாரின் காமாய்ஸ் பைப்பில் சி என்ற எழுத்து இருக்கிறது. லூப்பில் பார்த்தால் அது எழுத்தே இல்லை: வெள்ளை வட்டம் ஒன்று, அதற்குள் கறுப்பு வட்டம் ஒன்று, ஓரத்தை வெட்டித் திறக்க இன்னொரு கறுப்புத் துண்டு. மூன்று துளை, மூன்று பதிப்பு. பின்னாளில் ஒரே துண்டாகப் பதித்தார்கள். மூன்று மூட்டுகளும் மயிரிழை அகலத்தில் தெரிந்தால் உலகப்போருக்குப் பிந்தைய, 1980-களுக்கு முந்தைய பைப் என்று சொல்லலாம்.

மூன்றாவது பைப் பார்லிங். 1812 முதல் கடை நடத்திய லண்டன் வெள்ளிவேலைக் குடும்பம். குடும்பத்தின் கையில் இருந்தவரை பெயர் வளைந்த அச்செழுத்தில், கீழே ‘மேக்’ என்ற சொல்லோடு நிற்கும். 1960-இல் விற்ற பிறகு, 1962 முதல் சாய்ந்த கையெழுத்து மாதிரி வெறும் ‘பார்லிங்’. மாமனாருடையது கையெழுத்து ரகம். இதற்கு லூப்பே வேண்டாம், கண்ணாடி போட்டாலே தெரிகிறது. 1962 என்னை ஏன் இப்படித் துரத்துகிறது என்று தெரியவில்லை. செஸ்டர் ஹால்மார்க் அலுவலகம் மூடியதும் அந்த வருடம்தான்.

களிமண் பைப் சேர்ப்பவர்கள் லூப் வாங்க வேண்டாம், அங்குல அளவில் துளைமுனைகளின் ஒரு செட் வாங்குங்கள். தண்டின் துளை எத்தனை 64-இல் ஒரு பங்கு அங்குலம் என்று பார்க்க வேண்டும். ஹாரிங்டன் என்ற தொல்லியலாளர் 1954-இல் தந்த அட்டவணைப்படி 9 என்றால் ஏறத்தாழ 1590 முதல் 1620, 5 என்றால் 1710 முதல் 1750, காலம் போகப் போகத் துளை சிறுத்துக்கொண்டே வரும். 1962-இல் (மறுபடியும்!) பின்ஃபோர்ட் என்ற இன்னொரு தொல்லியலாளர் அதை ஒரு சூத்திரமாக்கினார்: 1931.85-இலிருந்து, சராசரித் துளையை 38.26-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். துளையே இல்லாத பைப்பை 1931-இல் செய்திருப்பார்கள் என்று ஆகிறது. ஒரு குழியில் கிடைத்த நூறு துண்டுகளுக்குப் பயன்படும், ஒற்றைப் பைப்பை வைத்துக்கொண்டு முயலாதீர்கள்.

இனி லூப்பின் மேல் எனக்குள்ள குறைகள். வில்லை உலோக மூடிக்குள் சுழன்று மடங்கும். அந்தத் திருகு ஆறு மாதத்தில் தளர்ந்து, பிடித்திருக்கும்போதே மெல்லத் தலை சாய்க்கிறது. கடிகாரம் பழுதுபார்க்கும் சின்னத் திருப்புளியை மேஜையிலேயே வைத்துவிட்டேன். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் பார்வைப் பரப்பு பாதியாகிறது, கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அப்போது கையெட்டும் தூரத்தில் இருக்கும் குறிப்பு நோட்டு மங்கிவிடும். படிக்கவும் எழுதவும் கண்ணாடியை மாட்டிக் கழற்றி மாட்டி ஒரு வழியாகிவிடுவோம். வளைந்த தண்டில் வரியின் நடு கூர்மையாக இருக்கும்போது இரு முனைகளும் மங்கும். இது லூப்பின் குற்றமில்லை, எந்த லூப்பும் அப்படித்தான், உருட்டி உருட்டிப் பார்க்க வேண்டும். போனின் கேமராவை இதன் வழியே வைத்துப் படமெடுக்க இரண்டு கையும் ஒரு மூச்சடக்கமும் தேவை. விலை முதல் லூப்பைப் போல ஐந்து மடங்கு. அதற்கு வருத்தமில்லை.

இடையில் கணினியில் மாட்டும் மைக்ராஸ்கோப் ஒன்றையும் இரவல் வாங்கிப் பார்த்தேன். திரையில் ஓர் எழுத்து மலைப்பிரதேசம் போல விரிந்தது, எந்த எழுத்து என்று மட்டும் தெரியவில்லை. ஒரே ஒரு காரியத்துக்கு அது நன்று: பிறகு அடித்த போலி முத்திரையைப் பிடிக்க. பழைய முத்திரையின் விளிம்பு மழுங்கி, பள்ளத்தில் மெழுகு கறுத்திருக்கும். புதிதாக அடித்ததில் விளிம்பு கத்தி மாதிரி, பள்ளத்தின் அடி வெளுப்பாக இருக்கும். ஆனால் 10 மடங்கிலேயே பத்தில் எட்டு முறை இது தெரிந்துவிடுகிறது, திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

யார் வாங்கலாம்? நாலைந்து பைப்பாவது வைத்திருந்து, அவற்றின் வயதைத் தாங்களே படிக்க விரும்புகிறவர்கள். வாங்குவதும் விற்பதும்தான் முக்கியம் என்றால் கட்டாயம், ஏனென்றால் விற்பவர் தரும் படம் எப்போதும் நேர் வெளிச்சத்தில் எடுத்ததாக இருக்கும். பைப்பைப் பளபளப்பாக்கித் தருவதில் மட்டும் ஆர்வம் உள்ளவர்கள் இதை வாங்கி, மெருகேற்றும் சக்கரத்தில் பிடிக்கும் முன் ஒரு முறை, பிடித்த பின் ஒரு முறை முத்திரையைப் பாருங்கள். ஒருவேளை அப்புறம் பிடிக்க மாட்டீர்கள்.

இதைச் சொல்லக் காரணம் மாமனாரின் நான்காவது பைப். மிக நல்ல பிரையர், கிண்ணம் முழுக்க ரேகை நெருப்பு மாதிரி மேல்நோக்கி ஏறுகிறது. எப்போதோ யாரோ அதை நன்றாகவே மெருகேற்றியிருக்கிறார்கள். மூன்று வருடமாக மாதம் ஒரு முறையாவது அதை விளக்கடியில் உருட்டுகிறேன். தண்டின் இடப்பக்கம் ஒரு எல், கொஞ்சம் தள்ளி ஒரு ஓ அல்லது சி. அவற்றுக்கு நடுவே கண்ணாடி போல வழவழப்பு.